கிரிஃபித் பார்க்கின் காலிக் கூண்டுகள்

"அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நாலு நாள் இருப்போம். கிரிஃபித் பார்க்குக்குள் கைவிடப்பட்ட பழைய மிருகக்காட்சி சாலை ஒன்று இருக்கிறதாமே. உள்ளே போகலாமா, போனால் யாராவது பிடிப்பார்களா? அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? எட்டு வயது மகள் பயந்துவிடுவாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். யாரும் பிடிக்க மாட்டார்கள். வேலியேறிக் குதிக்கிற வேலையெல்லாம் இல்லை. அது நகரத்துக்குச் சொந்தமான பொதுப் பூங்காவின் ஒரு மூலை. டிக்கெட் கிடையாது, அந்தப் பகுதியில் கார் நிறுத்தவும் காசு கிடையாது. பூங்கா காலை 5 மணிக்குத் திறந்து இரவு 10.30-க்கு மூடுகிறது. "கைவிடப்பட்ட" என்ற சொல்லே கொஞ்சம் மிகைதான். விருந்துக்கு மேஜை போட்டு, குப்பைத்தொட்டி வைத்து, புல்லுக்குத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் இடத்தைக் கைவிடப்பட்டது என்று எப்படிச் சொல்வது? மிருகங்கள் மட்டும்தான் இல்லை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிரிஃபித் பார்க்கில் இப்போது இயங்குகிற லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சி சாலையும் இருக்கிறது, இந்தப் பழையதும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மைல். ஃபோனில் வெறுமனே "ஜூ" என்று தட்டினால் புதியதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். முதல் தடவை நான் அங்கேதான் போய் நின்றேன். சூழ நின்ற ஸ்கூல் பஸ்களைப் பார்த்து, "கைவிடப்பட்ட இடத்துக்கா இவ்வளவு கூட்டம்?" என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. "ஓல்ட் ஜூ பிக்னிக் ஏரியா" என்று முழுதாகத் தட்டுங்கள். லாஸ் ஃபீலிஸ் சாலையிலிருந்து கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் டிரைவில் நுழைந்து, குடை ராட்டினத்துக்கு வழிகாட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் போதும். ராட்டினத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, ஐந்து பத்து நிமிடம் மெல்ல ஏறினால் இடது பக்கம் ஒரு புல்வெளி. அதற்கு அப்பால் பாறை மாதிரி ஒன்று.

அது பாறை இல்லை, சிமெண்ட். ஆனால் பத்தடி தூரத்துக்குள் வரும்வரை நம்ப மாட்டீர்கள். மலைச்சரிவையே குடைந்த மாதிரி வரிசையாக ஐந்தாறு குகை, ஒவ்வொன்றின் வாயும் மேடை மாதிரி அகலமாகத் திறந்திருக்கும். அடுக்கடுக்காகப் பாறைத் தட்டுகள், கரடி ஏறி உட்காரத் தோதாக. சிங்கமும் கரடியும் இருந்த இடங்கள் இவை. இப்போது அவற்றுக்குள் பிக்னிக் மேஜைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். போன வசந்தத்தில் நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் அப்படி ஒரு குகைக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். புல்வெளியில் நடந்து போகிறவர்கள் எல்லாரும் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பார்ப்பதற்காகவே கட்டிய மேடை அது. யார் உள்ளே உட்கார்ந்தாலும் வெளியே இருப்பவன் நின்று பார்ப்பான்.

இந்தப் போலிப் பாறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் இடம் இன்னும் பேசும். ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் என்று ஒரு மிருக வியாபாரி இருந்தார். கம்பிக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டி, பின்னால் செயற்கைப் பாறை எழுப்பி, மிருகம் ஏதோ தன் காட்டில் நிற்பது போலக் காட்டலாம் என்பது அவருடைய யோசனை. 1896-இல் அதற்குக் காப்புரிமை வாங்கி, 1907-இல் ஹாம்பர்க் பக்கத்தில் ஸ்டெலிங்கனில் முழு மிருகக்காட்சி சாலையே அப்படிக் கட்டினார். அமெரிக்காவில் டென்வர் நகரம் 1918-லேயே ஒரு கரடி மலையை இந்தப் பாணியில் எழுப்பிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸுக்கு அது 1930-களில்தான் வாய்த்தது, அதுவும் பொருளாதார மந்தம் புண்ணியத்தில். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு நடத்திய பணித் திட்டத்தின் ஆட்கள்தான் இந்தக் குகைகளைக் கட்டியவர்கள். முன்பக்கத்தை அழகாகத்தான் கட்டினார்கள். பின்பக்கத்துக்குப் போனால்தான் கதை வேறு.

பின்னால் போகாமல் திரும்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலானோர் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று போய்விடுகிறார்கள். குகைகளின் ஓரமாகவே பாதை மேலேறிப் பின்னால் வளைகிறது. அங்கே பார்வையாளருக்காகக் கட்டப்படாத பகுதி இருக்கிறது: குறுகலான படிகள், ஆள் குனிந்து போகவேண்டிய வாசல்கள், துருப்பிடித்த இரும்புக் கதவுகள், இருட்டறைகள். இரவில் மிருகத்தை அடைத்து வைத்த இடமும், அதைப் பார்த்துக்கொண்டவர்கள் நடமாடிய இடமும் இதுதான். பல அறைகளைக் கம்பிவலை அடித்துப் பூட்டியிருக்கிறார்கள், எட்டிப் பார்க்க மட்டுந்தான் முடியும். எது திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. சுவரில் ஓரங்குலம் விடாமல் ஸ்ப்ரே பெயிண்ட் கிறுக்கல். நகராட்சி அதன் மேல் மண் நிறத்தில் பூசும், மறுபடி கிறுக்குவார்கள், மறுபடி பூசும். ஓர் உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தால் பெயிண்ட் மட்டுமே தடித்த அட்டை மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நிற்பது தெரியும்.

இன்னும் மேலே போனால் வரிசையாகச் சின்னக் கூண்டுகள். இவற்றில் பாறை வேஷம் எதுவும் இல்லை. சிமெண்ட் தரை, பின்சுவர், முன்னால் கம்பி. ஒன்றிரண்டு எப்போதும் திறந்திருக்கும், உள்ளே போய் நிற்கலாம்.

சென்னையிலிருந்து என் மாமா வந்திருந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தைந்து வயது. பால்யத்தில் மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சி சாலையைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொல்வார்கள் இல்லையா, அவர் வாயில் இன்னும் அதேதான். இந்தக் கூண்டைப் பார்த்ததும், "இது உயிர் காலேஜா, செத்த காலேஜாடா?" என்றார். அப்புறம் உள்ளே நுழைந்து பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, முன்கம்பிவரை அடியெண்ணி நடந்தார். நாலு எட்டு. குறுக்கே மூன்று. திரும்பவும் நடந்தார், முதலில் எண்ணியது தப்போ என்று. "என்ன மாமா?" என்றேன். "ஒண்ணுமில்ல, வெளியில நின்னு பாக்குறப்போ எல்லாம் பெரிசாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

நான் இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல நினைப்பதும் அதுதான். சிதிலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பழமையைத் தேடிப் போவார்கள். இங்கே பழமை பெரிதாக இல்லை, ஒரு நூற்றாண்டுகூடத் தாண்டாத சிமெண்ட். ஆனால் மிருகக்காட்சி சாலையை மிருகம் நின்ற பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? குறைந்தது ஐந்து நிமிடம் உள்ளே நின்று வெளியே பாருங்கள். அதற்காகத்தான் போகவேண்டும்.

இனி வரலாறு. கிரிஃபித் ஜென்கின்ஸ் கிரிஃபித் வேல்ஸில் பிறந்து, கலிஃபோர்னியாவில் சுரங்கத் தொழிலில் பணம் பார்த்தவர். ராணுவப் பதவி பெரிதாக ஒன்றும் வகிக்காமலே "கர்னல்" என்று போட்டுக்கொள்வார். 1880-களில் தன் நிலத்தின் ஒரு பகுதியில் நெருப்புக்கோழிப் பண்ணை நடத்த இடம் கொடுத்தார். சீமாட்டிகளின் தொப்பியில் செருக இறகு வேண்டும், கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டும், இரண்டுக்கும் ஆச்சு. ஊரிலிருந்து பண்ணைக்குத் தனி ரயில்பாதையே போட்டார்கள். சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. 1896 டிசம்பரில் 3,015 ஏக்கரைக் கிறிஸ்துமஸ் பரிசு என்று சொல்லி நகரத்துக்குத் தானமாகக் கொடுத்தார். சாதாரண ஜனங்கள் வந்து காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

தானப்பிரபு என்று கும்பிடுவதற்குள் மீதியையும் கேளுங்கள். 1903-இல் சாந்தா மோனிகாவில் ஒரு ஹோட்டல் அறையில் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டார். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் குதித்து உயிர் தப்பினார், ஒரு கண் போய்விட்டது. குடிப்பழக்கத்தால் புத்தி பேதலித்தவர் என்று வக்கீல் வாதாடியதில் தண்டனை குறைந்து, கிரிஃபித் இரண்டு வருஷத்துக்குள் சான் க்வெண்டின் சிறையிலிருந்து வெளியே வந்தார். அப்புறம் வானோக்குக்கூடம் கட்டப் பணம் தருகிறேன் என்று வந்தபோது நகரம் அவர் காசைத் தொடக் கூசியது. 1919-இல் அவர் இறந்து, உயில் வழியாக வந்த பணத்தில்தான் கிரீக் தியேட்டர் என்ற கிரேக்க அரங்கமும், இன்று எல்லாரும் படம் எடுக்கும் அந்த வானோக்குக்கூடமும் எழுந்தன. கூடம் திறந்தது 1935-இல். மனுஷன் கைப்பணம் ஆகாது, உயில் பணம் ஆகும்.

மிருகக்காட்சி சாலை 1912-இல் வெறும் 15 மிருகங்களோடு, அந்தப் பழைய நெருப்புக்கோழிப் பண்ணை இருந்த பக்கம் தொடங்கியது. தொடக்கத்தில் எல்லாம் வேலியும் மரக்கூண்டும்தான். அது வளர்ந்த விதமும் இந்த ஊருக்கே உரியது. வில்லியம் செலிக் என்ற ஊமைப்படத் தயாரிப்பாளர் காட்டுப் படங்கள் எடுப்பதற்காகச் சொந்தமாகவே ஒரு மிருகக் கூட்டத்தை வைத்திருந்தார். அவர் தொழில் நொடித்தபோது, 1920-களில், அந்த மிருகங்களில் பல இங்கே வந்து சேர்ந்தன. திரையில் வாழ்ந்த சிங்கங்களுக்கு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1930-கள் கட்டுமானக் காலம் என்று சொன்னேன். அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். இதே பூங்காவில் 1933 அக்டோபர் 3-ஆம் தேதி, நிவாரணக் கூலி வேலைக்கு வந்த சுமார் 3,700 பேர் மணிக்கு 40 சென்ட்டுக்குப் புதர் வெட்டி, பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் ஒரு பள்ளத்தாக்கில் குப்பை மேடு தீப்பிடித்தது. தீயணைப்புப் பயிற்சியே இல்லாத அந்தக் கூலிக்காரர்களை மண்வெட்டியோடு உள்ளே இறங்கி அணைக்கச் சொன்னார்கள். காற்று திசை மாறியது. கணக்கில் வந்த சாவு மட்டும் 29. எரிந்தது ஐம்பது ஏக்கர்கூட இல்லை. பூங்காவில் பேய் உலவுகிறது என்று சொல்கிறவர்கள் எவரும் இந்த 29 பேரைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த இருபது முப்பது வருஷத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பெருத்துக்கொண்டே போனது, மிருகக்காட்சி சாலை அப்படியே இருந்தது. சிறிசு, அழுக்கு, இவ்வளவு பெரிய நகரத்துக்கு அவமானம் என்று பத்திரிகைகள் எழுதின. 1958-இல் புது மிருகக்காட்சி சாலைக்காக 80 லட்சம் டாலர் கடன்பத்திரம் திரட்ட வாக்காளர்கள் சம்மதம் கொடுத்தார்கள். பழையது 1966 ஆகஸ்டில் மூடியது. புதியது அதே வருஷம் நவம்பர் 28-இல் திறந்தது. மிருகங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் இரண்டு மைல் போயின, அவ்வளவுதான். அந்தச் சிமெண்ட் குகைகளை மட்டும் எந்த லாரியிலும் ஏற்ற முடியாது.

ஏன் இடிக்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதற்குப் பெரிய பாரம்பரியக் காதல் ஒன்றும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். சரிவோடு சேர்த்து வார்த்த கனத்த சிமெண்ட்டை உடைத்து அள்ளுவதற்குப் பதில், கம்பியைக் கழற்றி மேஜையைப் போடுவது சுலபம். நிலமோ தானநிலம், பூங்காவாகத்தான் இருக்கவேண்டும், விற்கவோ கட்டடம் எழுப்பவோ அவசரம் கிடையாது. மாமா ஊர் உயிர் காலேஜ் 1985-இல் வண்டலூருக்குப் போனபோது, விட்டுப்போன நிலம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது. அங்கே யார் கூண்டைச் சும்மா விட்டு வைப்பார்கள்? 2009-இல் கிரிஃபித் பார்க் முழுவதையும் நகர வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். ஆக, சோம்பலில் தங்கியதை இப்போது சட்டமும் காக்கிறது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சிங்கக் கூண்டு காலியாகி 46 வருஷம் கழித்து, 2012 பிப்ரவரியில், பூங்காவில் ஆய்வுக்காகக் கட்டிவைத்த தானியங்கிக் கேமராவில் ஒரு மலைச்சிங்கத்தின், அதாவது பூமா என்கிற பெரிய பூனையின், பின்பாகம் பதிவானது. அடுத்த மாதமே ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். பட்டியல் எண்படி அதன் பெயர் பி-22. மேற்கே சாந்தா மோனிகா மலைகளிலிருந்து 405, 101 என்ற இரண்டு ராட்சச நெடுஞ்சாலைகளைத் தாண்டி வந்த இளம் ஆண். ஹாலிவுட் எழுத்துப் பலகை பின்னால் ஒளிர அது நடந்துபோகும் படம் 2013-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் வந்து, ஊரே அதைக் கொண்டாடியது. 2016-இல் புது மிருகக்காட்சி சாலையின் கோலா ஒன்று காணாமற்போய், மிச்சம் மட்டும் கிடைத்தபோது சந்தேகம் நேராக பி-22 மேல்தான் விழுந்தது. இரவில் அது வளாகத்துக்குள் உலவிய கேமராக் காட்சி இருந்தது.

சுதந்திரமான சிங்கம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வளர்ந்த ஆண் மலைச்சிங்கத்துக்குச் சாதாரணமாக 150 சதுர மைல் தேவை. பி-22 வாழ்ந்தது ஒன்பது சதுர மைலுக்குள். சுற்றிலும் சாலைகள், வீடுகள். துணை தேடி வெளியே போக வழியில்லை, இணையே கிடைக்காமல் பத்து வருஷம் தனியாக இருந்தது. ஒருமுறை எலி விஷம் உடம்பில் ஏறிச் சொறி பிடித்து, வைத்தியம் பார்த்து விட்டார்கள். 2022 டிசம்பரில் வண்டியில் அடிபட்டு, நோயும் முற்றிய நிலையில் பிடித்து, 17-ஆம் தேதி கருணைக்கொலை செய்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது கிரேக்க அரங்கத்தில், அதாவது கிரிஃபித்தின் உயில் பணத்தில் எழுந்த அதே அரங்கத்தில். டிக்கெட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு எத்தனை எட்டுடா?" என்று மட்டும் கேட்டார். 101-ஆம் நெடுஞ்சாலைக்கு மேலே அகூரா ஹில்ஸ் பக்கம் மிருகங்கள் கடக்க ஒரு பாலம் கட்டும் வேலையை 2022-இல் தொடங்கினார்களே, அதற்கு ஆதரவு திரண்டதில் இந்த ஒற்றைப் பிராணிக்குப் பெரிய பங்கு.

பேய்க்கதையைப் பற்றி இரண்டு வரி போதும். கிரிஃபித் பார்க் சாபம், நள்ளிரவு உறுமல் என்று காணொளிகள் நிறையக் கிடைக்கும். உறுமல் கேட்டால் அது கயோட்டி, அதாவது அமெரிக்க நரி வகை. அது உண்மையாகவே நிறைய இருக்கிறது. ஹாலோவீன் சமயத்தில் இந்தப் பகுதியிலேயே காசு வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் வண்டி சவாரி நடந்ததுண்டு. பேய் வேண்டுமென்றால் அப்படி வாங்கிக்கொள்ளலாம். கோடையில் போகிறீர்களென்றால் வேறு யோகம் இருக்கிறது: 2010-லிருந்து பல வருஷம் இந்தப் புல்வெளியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வரும் நாட்களில் உண்டா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரபலமான நகைச்சுவைப் படத்தின் கரடிக் குழிச் சண்டையும் இந்தக் குகையில் எடுத்ததுதான். கூட வரும் இளைஞர்களுக்கு அந்தச் சேதிதான் பிடிக்கும்.

எப்போது போவது? காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வார நாளாக இருந்தால் நல்லது. சனி ஞாயிறு மதியம் குகை மேஜை எதுவும் கிடைக்காது. கோடை மதியத்தில் அந்தச் சிமெண்ட் தோசைக்கல்லாகக் காயும். அந்தி சாய்ந்தபின் குழந்தையோடு மேல் கூண்டுகள் பக்கம் போகாதீர்கள். பேய்க்காக அல்ல, படிகளில் விளக்கு இல்லை, உடைந்த பாட்டில் கிடக்கும். வெயில் காலத்தில் பாதையோரப் புதரில் ரேட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பு படுத்திருக்கலாம். பெரும்பாலும் வாலைச் சலசலவென்று ஆட்டி அதுவே எச்சரிக்கும், நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்குங்கள். மும்மூன்று இலையாகப் பளபளவென்று இருக்கும் செடியைத் தொடவேண்டாம், பாய்ஸன் ஓக், இரண்டு வாரம் அரிக்கும். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். வலை அடித்துப் பூட்டிய அறையின் வலையை யாரோ கிழித்து வைத்திருப்பார்கள். அந்த ஓட்டை வழியாக நுழையாதீர்கள். நானும் ஒரு முறை நுழைந்தவன்தான். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, சட்டை கிழிந்ததும் முழங்கையில் துருக் கம்பி கீறி ஊசி போட்டுக்கொண்டதும்தான் மிச்சம்.

கால் தெம்பாக இருந்தால் கூண்டு வரிசையைத் தாண்டி ஏறும் பாதையில் பீ ராக் வரை போகலாம். ஆயிரம் அடி உயரத்தில் தேன்கூடு மாதிரி துளைத்துளையாக நிற்கும் மணற்பாறை, பெயரும் அதனால்தான். தூரம் ஒரு மைலுக்குச் சற்று முன்பின், கடைசி ஏற்றம் மட்டும் கடுமை. மேலே இருந்து பார்த்தால் குகைகள், புல்வெளி, புது மிருகக்காட்சி சாலை இருக்கும் திசை எல்லாம் ஒரே பார்வையில் விழும். குழந்தை ஏற மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கீழே குடை ராட்டினம் இருக்கிறது, 1926-இல் செய்தது, 1937-இல் இங்கே வந்தது. தன் பெண்கள் அதில் சுற்றும்போது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டிஸ்னிலேண்ட் யோசனை உதித்தது என்று வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். ஆனால் அது பழுதாகி, சில வருஷமாக ஓடாமல் நின்றிருந்தது. ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டு குழந்தையிடம் வாயைத் திறங்கள்.

இந்த மாதிரி இடங்கள் பிடித்துப்போனால், கனடாவில் வான்கூவர் போகும்போது ஸ்டான்லி பார்க்கில் பழைய பனிக்கரடிப் பள்ளம் கிடக்கிறது. அதில் கடைசியாக இருந்த டக் என்ற கரடி 1997-இல் செத்தது. டெட்ராய்ட்டில் பெல் ஐல் தீவில் 2002-இல் மூடிய மிருகக்காட்சி சாலையைக் காடு மூடிக் கிடக்க விட்டிருந்தார்கள். ஆனால் அங்கெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும், உள்ளே போக முடியாது.

கடைசியாக, மகள் பயப்படுவாளா என்றது. எங்கள் பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பெண்ணின் பிறந்தநாளை அந்தக் குகை ஒன்றில்தான் கொண்டாடினார்கள். கரடி ஏறி உட்கார்ந்த தட்டில் கேக்கை வைத்து, மீதமிருந்த கம்பியில் பலூனைக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கூண்டுக்குள் ஓடுவதும் வெளியே ஓடுவதுமாக ஒரே ரகளை. "நீ கரடி, நான் டிக்கெட் வாங்கிட்டு வர்றேன்" என்று ஒருத்தி சொல்ல, யார் கரடி என்பதில்தான் சண்டை. டிக்கெட் வாங்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை.